ஓரத்தில் நின்ற ஆள்

ஒன்றரை வருசம் கடுங்காவல் என்று திண்டுக்கல் மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்ன நேரத்தில் சண்முகவள்ளி புளி மண்டியில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக்கு வரவேண்டாம் என்று அவள் புருசன் நாச்சிமுத்துதான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "அவராதம் போட்டு விட்ருவாகளாம். மொதலாளி சொல்லிட்டாரு. நீ எதுக்கு ஒரு நாள் பொழப்பக் கெடுத்துக்கிட்டு?" முதலாளி சொன்னால் அது நடந்துவிடும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

சேதியைக் கொண்டுவந்த பஸ் கண்டக்டர் மண்டி வாசலில் நின்றபடியே சொன்னான். உள்ளே புளியைத் தட்டிக்கொண்டிருந்த கட்டைகள் எல்லாம் சற்று ஓய்ந்தன. சண்முகவள்ளி கைப் பிசுக்கைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு, யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கருப்பம்மாள் சொன்னாள். அவளுக்கு ஊர் குஜிலியம்பாறைப் பக்கம்.

"ஒரு உசுருக்கு ஒன்றரை வருசந்தானா? எங்கூருல ஆட்டைத் திருடுனவனுக்கே அம்புட்டுக் குடுத்தாக."

யாரும் அவளை அடக்கவில்லை. கட்டைகள் மறுபடி தட்ட ஆரம்பித்தன.

நாச்சிமுத்து ஓட்டியது நல்லுசாமி முதலாளியின் சிவப்பு பஸ். குஜிலியம்பாறைக்கும் திண்டுக்கல்லுக்கும் காலை டிரிப்பு. அதே தடத்தில் வேறொருத்தருடைய பச்சை பஸ்ஸும் ஓடியது. காகிதத்தில் இரண்டுக்கும் நேரம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தாலும் ரோட்டில் அதெல்லாம் கிடையாது. முன்னால் போகிற பஸ் ஸ்டாப்பில் நிற்கிற சனத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். பின்னால் வருவது காலி சீட்டோடு புழுதியைத் தின்றுகொண்டு வரும்.

மாசி மாசம் ஒரு காலையில், கோவிலூர்ப் பக்கம் ஒரு ஸ்டாப்பில், பொம்மையன் என்கிற, வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒரு மூட்டைப் புளியோடு நின்றிருந்தான். சந்தைக்குப் போகவேண்டியவன். எந்த பஸ் முதலில் வந்தாலும் ஏறியிருப்பான். பச்சை பஸ் அவனுக்காக வேகத்தைக் குறைத்தது. அதை முந்திக்கொண்டு போய் அவனை ஏற்றிவிடுவதற்காக நாச்சிமுத்து வண்டியை இடது பக்கம் ஒடித்தான். வண்டி நின்றபோது மூட்டை கிழிந்து முன்சக்கரத்தில் புளி அப்பிக் கிடந்தது. மூட்டைக்கு அடியில் பொம்மையன் கிடந்தான்.

ஏற்ற வந்த பஸ்ஸே ஏறிவிட்டது என்று அந்தப் பக்கம் முழுக்கப் பேசினார்கள்.

தீர்ப்பு வந்த சாயங்காலமே நாச்சிமுத்து ஜாமீனில் வந்துவிட்டான். கூடவே முதலாளியும் வந்தார். அவர்கள் குடியிருந்தது பஸ் ஷெட்டுக்குப் பின்னால் அவர் கட்டிவிட்டிருந்த லைன் வீட்டில். வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று பேசினார்.

"இந்தா புள்ள, அழுகாத. மதுரை ஜில்லாக் கோர்ட்டுல அப்பீல் போடுறோம். குத்தமே பண்ணலைன்னு சொல்லப்போறதில்ல. சாட்சியெல்லாம் பலமா இருக்கு, அது எடுபடாது. தண்டனை சாஸ்தி, கொறைங்கன்னு மட்டுந்தான் கேக்கப்போறோம். வக்கீலு செபஸ்தியான் எந்திரிச்சு நின்னா கொறைக்காத ஜட்ஜு கெடையாது."

சண்முகவள்ளி அழவே இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

லைசென்ஸைப் பிடுங்கியாயிற்று. அப்பீல் முடிகிறவரை ஷெட்டில் வண்டி கழுவச் சொன்னார் முதலாளி. அந்த வேலை நாச்சிமுத்துவுக்குப் புதிதல்ல. நல்லுசாமி முதலாளி வைத்திருந்த சட்டம் அது. எவன் பச்சை பஸ்ஸுக்குப் பின்னால் வந்து சேர்கிறானோ அவன் மறுநாள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கிளீனர்கள் வேடிக்கை பார்க்க, வாளியும் தேங்காய் நாருமாக எல்லா வண்டியையும் கழுவவேண்டும். கல்யாணமான புதிதில் அப்படி ஒருநாள் கழுவிவிட்டு வந்தவன் சோறு திங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். அதற்குப் பிறகு அவன் பச்சை பஸ்ஸுக்குப் பின்னால் வந்ததே இல்லை.

இப்போது தினமும் கழுவினான். தோல் பதனிடுகிற ஷாப்புகளின் நாற்றம் காற்றில் ஏறி வருகிற சாயங்கால நேரத்தில், நனைந்த வேட்டியோடு வந்து உட்காருவான். வீட்டில் பேச்சு என்றால் சண்டைதான். இரண்டு பெண்பிள்ளைகளும் அவன் தலை தெரிந்ததும் பக்கத்து வீட்டுக் காதர் பீவியிடம் ஓடிவிடும்.

ஒருநாள் சோளச்சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தாள். பிசைந்துகொண்டே சொன்னான்:

"அவன் எதுக்குடி அங்கன வந்து நின்னான்? அவன் நிக்கலைன்னா இம்புட்டும் இல்லைல்ல?"

"பஸ்ஸுக்குப் போறவக ஸ்டாப்புல நிக்காம வேற எங்கிட்டு நிப்பாக?"

தட்டு சுவரில் போய் அடித்தது. அவள் சோற்றைக் கூட்டி அள்ளினாள். 'ஐயோ, ஒரு ஆளு செத்துப்போனானே' என்று இவன் வாயிலிருந்து இதுவரை ஒருதரம்கூட வரவில்லையே என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அவனோடு ஒரே கூரைக்குள் இருப்பது அதற்குப் பிறகு பெரும்பாடாகிவிட்டது.

ஆவணியில் முதலாளி அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். செத்தவன் பெண்சாதி மதுரைக்கு வந்து, எனக்கு வருத்தமில்லை, தண்டனையைக் குறைத்தால் சரி என்று நின்றால் ஜட்ஜுக்கு மனசு இளகும் என்று வக்கீல் சொன்னாராம்.

"நான் கார் எடுத்துக்கிட்டுப் போயிப் பார்த்துட்டேன். மூஞ்சி குடுக்கல. நீ போ. பொம்பளைக்குப் பொம்பளை பேசுனா எறங்கிருவா."

மறுநாள் அவள் பச்சை பஸ்ஸில் போனாள். சிவப்பு பஸ்ஸில் ஏறினால் எல்லாருக்கும் ஆள் தெரியும். பொம்மையன் நின்ற ஸ்டாப்பில் இறங்கத் துணிச்சல் இல்லாமல், அதற்கு முந்தினதிலேயே இறங்கி நடந்தாள். வானம் பார்த்த பூமி. அந்த வருசம் ஆடியில் ஒரு மழை விழுந்து நிலக்கடலை முளைத்திருந்தது. செடியைவிடக் களை உயரமாக நின்றது. ஒச்சம்மாள் களைக்கொத்தோடு தனியாகக் குனிந்திருந்தாள்.

"ஆரு?"

"திண்டுக்கல்லுலேருந்து வாரேங்க்கா."

"திண்டுக்கல்லுல எனக்கு ஆரையும் தெரியாதே."

"அந்த பஸ்ஸு ஓட்டுனாகளே… அவுக வீட்டுக்காரி."

ஒச்சம்மாள் நிமிரவில்லை. கொத்து மட்டும் நின்றது. பிறகு மறுபடி கொத்தினாள்.

"அக்கான்னு கூப்புடாத."

சண்முகவள்ளி வரப்பில் நின்றாள். வெயில் முதுகில் ஏறியது. ஒச்சம்மாள் ஒரு பாத்தியை முடித்து அடுத்ததற்குப் போனாள்.

"செத்த நேரம் பேசணும்."

"கூட வேலை பார்க்கிறதுக்கு ஒரு ஆளு இருந்தா நின்னு பேசலாம். இருந்த ஆளுதான் இல்லையே. பேசணும்னா எறங்கி வந்து குனி. உன் மொதலாளியும் அந்தா அந்த வரப்புலதான் நின்னாரு. வரப்புல நிக்கிறவககிட்ட நான் பேசுறதில்ல." கிடந்த இன்னொரு களைக்கொத்தைக் காலால் தள்ளினாள். "அது எம்புருசனோடது. பிடி பெருசா இருக்கும், பார்த்துப் பிடி."

சண்முகவள்ளி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பிடி அவள் கைக்கு அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நகர்ந்தார்கள்.

"சொல்லு. எதுக்கு வந்த?"

"மதுரையில அப்பீல் வருது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா…"

"என்னன்னு சொல்ல? எம்புருசன் செத்தது பரவாயில்லைன்னா?"

"ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு எனக்கு."

"எனக்கு மூணு. உன் ஆளு ஒன்றரை வருசம் கழிச்சு வருவான். எம்புருசன் எப்ப வருவாருன்னு உன் வக்கீலுகிட்டக் கேட்டுச் சொல்லு."

சண்முகவள்ளி கோரைக்கிழங்கைத் தோண்டி எடுத்து வெளியே எறிந்தாள்.

"கடலைச் செடியைக் கொத்திறாத," என்றாள் ஒச்சம்மாள். "ஒன்னு கேக்குறேன். திண்டுக்கல்லுக் கோர்ட்டுல ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து உக்காந்தேன். எத்தனை அடி, எத்தனை கெஜம், பிரேக்கு தேஞ்சிருந்துச்சா, ஆரனை அடிச்சானா, இதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாக. ஏன் அம்புட்டு வேகம்னு ஒருத்தரும் கேக்கல. அவருக்கும் உன் ஆளுக்கும் பகையா? இல்ல. குடிச்சிருந்தானா? இல்லைங்கிறாக. ரோட்டுல போற ஒரு மனுசன் பின்ன எதுக்காக அப்படி ஓட்டுறான்? எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்குது."

சொல்லக்கூடாது என்றுதான் சண்முகவள்ளி நினைத்தாள். ஆனால் கை எரிச்சலும் வெயிலும் எட்டு வருச வாழ்க்கையும் சேர்ந்து வாயைத் திறந்துவிட்டன.

"பச்சை பஸ்ஸுக்குப் பின்னால வந்தா, மொதலாளி மறுநாள் வண்டி கழுவ விட்ருவாரு. எல்லாரும் பார்க்க. அது இவுகளுக்குப் பெரிய அவமானம்."

அப்போதுதான் ஒச்சம்மாள் முதல்தடவையாக நிமிர்ந்தாள்.

"வண்டி கழுவ."

"ம்."

"வண்டி கழுவணுமேன்னு எம்புருசன் மேல ஏத்துனான்."

"ஆமா," என்றாள் சண்முகவள்ளி. வேறென்ன சொல்ல?

"இதைக் கோர்ட்டுல சொன்னானா?"

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா மொதலாளி கைவிட்ருவாரு. வீடு அவரோடது. வக்கீலு அவரு வச்சது."

ஒச்சம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். சண்முகவள்ளியை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தாள்.

"கேட்டுக்க. உன் ஆளு அவன் வாயால இதைச் சொல்லட்டும். ஜட்ஜு கேக்க, அந்த மொதலாளி கேக்கச் சொல்லட்டும். சொன்னான்னா நானும் எந்திரிச்சுக் கொறைக்கச் சொல்லுறேன். சொல்லலைன்னா வாயைத் தொறக்கமாட்டேன். ஆனா வருவேன். வந்து அங்கன உக்காந்திருப்பேன். போ. கொத்தை அங்கனயே வச்சிட்டுப் போ."

தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. நாக்கு ஒட்டிப்போக ஸ்டாப்பு வரைக்கும் நடந்தாள்.

நாச்சிமுத்து ஷெட்டில் வண்டிக்கு அடியில் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். அங்கேயே வைத்துச் சொன்னாள். அவன் முழுசும் கேட்டுக்கொண்டான். பிறகு எழுந்து, வாளியில் இருந்த அழுக்குத் தண்ணீரை அப்படியே அவள்மேல் வீசினான்.

"சொல்லிட்டு எங்கிட்டுப் போவ? நடுத்தெருவுக்கா? கிளீனரா வந்தவனை டிரைவரு ஆக்குனது ஆரு? உங்கப்பனா?"

கிளீனர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டாள்.

"ஆக்குனவருதான் கழுவவும் விடுறாரு."

"கழுவுறேன். செயில்ல கல்லு ஒடைக்கிறதுக்கு இது மேலு. நீ எவ பக்கம் பேசுற?"

அதை அவளும் யோசித்தாள். யார் பக்கமும் பேசுவதாகத் தோன்றவில்லை. ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போனாள். முதலாளி கேட்டதற்கு, "வர மாட்டாகளாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி அடைமழையில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. மதுரைக் கோர்ட்டு வராந்தா முழுக்கக் குடையும் சேறுமாகக் கிடந்தது. முதலாளி வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் ஒதுங்கி நின்று வக்கீலோடு குசுகுசுவென்று பேசினார். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு அவன் காதிலும் ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். ஒச்சம்மாள் சொன்னபடி வந்திருந்தாள். பெஞ்சின் கடைசியில், சேலையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சண்முகவள்ளி அதே பெஞ்சின் இந்தக் கடைசியில் உட்கார்ந்தாள். நடுவில் யாரும் உட்காரவில்லை.

வக்கீல் செபஸ்தியான் இங்கிலீஷில் பேசினார். நல்ல குரல். நடுவில் இரண்டு விரலைக் காட்டினார். அது பிள்ளைகளாக இருக்கும் என்று சண்முகவள்ளி நினைத்துக்கொண்டாள். அப்புறம் கையைக் காற்றில் தள்ளாட்டிக் காட்டினார். அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. ஜட்ஜு காகிதக் கட்டை முன்னால் தள்ளிவைத்துவிட்டு, கூண்டைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"ஏம்ப்பா, செத்துப்போனவர் குடிச்சிருந்தார், தள்ளாடி நடுரோட்டுக்கு வந்துட்டார்னு உங்க வக்கீல் சொல்றார். கீழ்க்கோர்ட்டில் இதை யாரும் சொல்லலை. நீ பார்த்தியா?"

பெஞ்சின் அந்தக் கடைசியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மூச்சை உள்ளே இழுத்தது மாதிரி. சண்முகவள்ளி அந்தப் பக்கம் திரும்பவில்லை. முதலாளி நாச்சிமுத்துவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நாச்சிமுத்து கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"இல்லைங்க எசமான்."

வக்கீல் இருமினார்.

"ஓரத்துலதான் நின்னாருங்க. மண்ணுல. மூட்டையத் தூக்கக் குனிஞ்சவரு நிமிந்து என்னையப் பார்த்தாரு. கையைக் காட்டுனாரு."

"எதுக்கு?"

"நிறுத்தச் சொல்லித்தானுங்க. பச்சை பஸ்ஸை விட்டுட்டு எனக்குத்தான் கை காட்டுனாரு." அவன் குரல் கீச்சென்று போய்விட்டது. "நமக்குக் கிராக்கி கெடைச்சிருச்சுன்னு சந்தோசப்பட்டேங்க. அந்த நேரத்துல அதத்தான் நெனச்சேன். பின்னால போனா வண்டி கழுவ விடுவாருங்க மொதலாளி. அது எனக்கு ஆகாதுங்க. அதனாலதான் ஒடிச்சேன்."

"இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?"

"பயந்துட்டேங்க."

ஒச்சம்மாள் எழுந்து நின்றாள். டவாலிச் சேவகன், "உக்காரு, உக்காரு" என்று அதட்டிக்கொண்டு வந்தான். ஜட்ஜு கையமர்த்தினார்.

"நான் பொம்மையன் சம்சாரம். நெசத்தைச் சொன்னா கொறைக்கச் சொல்றேன்னு இந்தப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். சொல்லிட்டான். கொறைங்க. எனக்கு மனசில்ல, இருந்தாலும் கொறைங்க." அவள் கை நீண்டது. "கழுவ விடுவேன்னு சொன்னவரு அந்தா நிக்கிறாரு. அவருக்கு எம்புட்டு மாசம்?"

"அவர் இந்த வழக்கில் இல்லை அம்மா."

"ஏறுனது அவரு பஸ்ஸுதானே?"

ஜட்ஜு காகிதக் கட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உட்காருங்க," என்றார்.

மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. யார் என்ன சொல்லியிருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது இவன் கைதான். ஒரு மனிதன் நிற்பதைத் தெரிந்தே ஒடித்திருக்கிறான். அதனால் அதிகம் குறைப்பதற்கில்லை. ஒளிக்காமல் சொன்னதற்காக ஒன்றரை வருசம் ஒரு வருசமாகிறது என்றார் ஜட்ஜு. முதலாளி அதுவரை இருக்கவில்லை. வக்கீல் அங்கியைச் சுருட்டிக்கொண்டே நாச்சிமுத்துவிடம், "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா மூணு மாசத்தோட முடிச்சிருப்பேன்யா" என்றார். போலீஸ்காரர் அவனை வராந்தா வழியாகக் கூட்டிப்போனபோது சண்முகவள்ளி எதிரே நின்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் ஒட்டு உறவு எதுவும் இல்லை.

வாசலில் ஒச்சம்மாள் மழை விடக் காத்து நின்றாள். சண்முகவள்ளி பக்கத்தில் போனாள். கும்பிடலாமா, காலைத் தொடலாமா என்று தெரியவில்லை.

"என்ன?"

"ஒன்னுமில்ல."

"வார்த்தை முடிஞ்சு போச்சு. இனிமே எங்க பக்கம் வந்திறாத. உன்னையக் கண்டாலே எனக்கு வயிறெரியுது."

மழை விடவில்லை. ஒச்சம்மாள் நனைந்துகொண்டே இறங்கி நடந்தாள்.

சண்முகவள்ளி திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது அவள் சட்டிபானையெல்லாம் லைன் வீட்டு வாசலில் நனைந்துகொண்டிருந்தன. கதவில் புதுப் பூட்டு தொங்கியது. காதர் பீவி பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தாள்.

"மொதலாளி ஆளுகளத் தடுத்துப் பார்த்தேன்மா. 'நீயும் வெளிய போறியா'ன்னு கேட்டானுவ. மழை விடுறமட்டும் இங்கன இரு. என்னாலயும் அதுக்கு மேல முடியாது."

மழை விட்டதும் அவள் தோல்ஷாப்புகளுக்கு அந்தண்டை ஒரு ஓலைக் குடிசைக்குப் போனாள். நாற்றம் தாங்காமல் யாரும் வாடகைக்கு வராத இடம். மண்டி வேலை மட்டும் போகவில்லை. கருப்பம்மாளுக்கு மதுரைச் சேதி தெரிந்திருந்தது. அவள் எதிரே உட்காருவதை விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அது நல்லதா கெட்டதா என்று சண்முகவள்ளி ஆராயவில்லை.

மதுரை ஜெயிலுக்கு மனுப்போட்டுப் போனாள். நாச்சிமுத்து பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். அடுத்த தடவையும் அதுதான். மூன்றாம் தடவை வந்தான். மொட்டையடித்திருந்தார்கள். காதோரம் எலும்பு தெரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, பிள்ளைகளைப் பற்றிக்கூடக் கேட்காமல் ஆரம்பித்தான்.

"ஆமான்னு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இந்நேரம் வெளிய இருப்பேன். அந்தப் பொம்பளை பேச்சைக் கொண்டாந்து என் காதுல போட்டு, மண்டையில ஏத்திவிட்ட. உன்னாலதான்டி."

"ஆமா. என்னாலதான்."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பான்போல.

"வெளிய வந்து என்ன செஞ்சிருப்பீக?" என்று கேட்டாள்.

"என்ன செய்வேன்? வண்டி ஓட்டியிருப்பேன்."

"ஆரு வண்டி?"

அவன் கம்பித் துருவை நகத்தால் சுரண்டினான்.

"அந்த வண்டியவே, அதே ரோட்டுல," என்றாள். "பச்சை பஸ்ஸு முன்னால போனா என்ன செய்வீக?"

அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவளை அடிக்க முடியாததுதான் அவன் முகத்தில் முதலில் தெரிந்தது. பிறகு அந்தக் கோபம் எங்கோ வழுக்கிக்கொண்டு போய், மொட்டைத் தலை மெல்லக் கீழே போயிற்று.

"கையைக் காட்டுனான்டி," என்றான். "சிரிச்சுக்கிட்டே காட்டுனான்."

வார்டர் நேரமாச்சு என்றான். சண்முகவள்ளி கொண்டுவந்திருந்த பொரிகடலைப் பொட்டலத்தை வார்டரிடம் கொடுத்து உள்ளே சேர்க்கச் சொன்னாள். நாச்சிமுத்து போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

வெளியே வெயில் அடித்தது. ரோட்டோரக் கடையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அந்த மனுசன்மேல் அவளுக்கு இரக்கம் எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் பசித்தது, மாசி மாசத்திலிருந்து மறந்துபோயிருந்த பசி. உட்கார்ந்து வாங்கித் தின்றாள். போதாமல் மறுபடியும் வாங்கித் தின்றாள்.